பெயரில்லாத புள்ளி

பர்காஸ் துறைமுகக் கண்காணிப்புக் கோபுரத்தின் ஜன்னல் வழியே, பணியிலிருந்த தெசிஸ்லாவா பார்த்தாள். தன் பெயரை அறிவிக்கும் அடையாளக் கருவியை அணைத்துவிட்டு ஒரு சிவப்பு எண்ணெய்க் கப்பல், இருவர் வலை இழுத்துக்கொண்டிருந்த மீன்பிடிப் படகை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தது. ரேடார் திரையில் அது பெயரில்லாத வெறும் புள்ளி.

"பேரு இல்லாத கப்பல எச்சரிக்கப் புதுச் சட்டத்துல இடமில்லம்மா. முதல்ல படிவத்த நிரப்பு," என்றார் அதிகாரி பிளாமெனோவ்.

"அதுக்குள்ள படகுல ரெண்டு பேரு செத்துருவாங்க."

"ஏன், அவங்களுக்குக் கண்ணு இல்லையா?"

அவள் ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். "பர்காஸ் வாசல்ல வர்ற சிவப்புக் கப்பல்! உடனே வலப்பக்கம் திருப்பு!"

கப்பல் திரும்பியது. படகு அலையில் ஆடித் தப்பியது.

பிளாமெனோவ் படிவத்தை விரித்தார். "கப்பல் பேருன்னு கேக்குற இடத்துல என்னத்த எழுதுறது?"

"உங்க பேர எழுதுங்க ஐயா. அது ஒண்ணுக்கும் உதவாமதான கெடக்கு."