ஊதுங்க அண்ணே

"ஒரு சொட்டு சரக்கு இல்லாம இவுகளைச் சுடுகாடு கொண்டுபோய்ச் சேக்கேன், பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வள்ளித்தாய் மாமனாரின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினாள். முடிச்சு தேவைக்கு மேலேயே இறுகியது.

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது. ஆனாலும் பந்தல் போட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வெம்பக்கோட்டை வட்டாரத்தில் மழையே இல்லாமல் பருத்தி எடுத்தவன்கூட உண்டு. சரக்கு இல்லாமல் பிணம் எடுத்தவன் கிடையாது. தூக்குகிறவனுக்கு, கொட்டடிக்கிறவனுக்கு, விறகு அடுக்குகிறவனுக்கு, அழுது களைத்த மச்சானுக்கு, அழாமலே களைத்த மச்சானுக்கு என்று அது ஓடிக்கொண்டே இருக்கும்.

நாத்தனார் சொர்ணலட்சுமி மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள். "கிறுக்கு புடிச்சிருச்சா மதினி? கொட்டுக்காரன் குச்சியைத் தொட மாட்டான். அப்பாவை நீங்களும் நானுமா சுமக்கப் போறோம்?"

"சுமப்போம்."

செத்துப்போன ஒச்சப்பன் முப்பது வருசம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். காலையில் வேன்கள் வந்ததும் கேட்டில் நிற்பார். "வாயை ஊதுலே." ஊதிக் காட்டாமல் ஒருவனும் உள்ளே போக முடியாது. குடித்தவன் கை நடுங்கினால் நாற்பது குடும்பம் போய்விடும். நல்ல சட்டம்தான். ஏழாயிரம்பண்ணையில் ஒருத்தன் பாட்டில் மூடியைத் திருகினால் எம். புதுப்பட்டியில் இவர் தும்முவார். பொங்கலுக்குக் குடித்தவனைச் சித்திரையில் மோந்து பிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட மூக்கு வீட்டுப் படி ஏறியதும் அடைத்துக்கொள்ளும்.

பதினாறு வருசத்துக்கு முன்னால் வள்ளித்தாயின் வயிற்றில் ஓவியா. அலுமினியப் பொடி பறக்கும் அறையில் வேலை. சாயங்காலம் வேனை விட்டு இறங்கி வந்ததும் மாமனார் அரை டம்ளர் பிராந்தியை நீட்டுவார். "குடி தாயி. நெஞ்சுல படிஞ்ச பொடியை இதுதான் அறுக்கும். பிள்ளைக்குச் சேரக் கூடாதுல்ல." கம்பெனியில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். பெரியவர் நீட்டுவதைத் தட்டிவிடவா முடியும்? ஏழு மாதம் குடித்தாள்.

ஓவியாவுக்குத் தலை சிறுத்திருந்தது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பள்ளம் இல்லாமல் வழுவழு என்றிருந்தது. நடக்க மூன்று வருசம். பத்து வயதிலும் ஏழையும் மூன்றையும் கூட்டினால் அவளுக்கு நாளுக்கொரு விடை வந்தது. "மருமக வீட்டு ரத்தம் அப்படி" என்று ஒச்சப்பன் தெருத்தெருவாகச் சொன்னார். "அது கையில தீப்பெட்டி குடுத்துராதீக" என்பார்.

அந்தப் பத்து வயதில்தான் விருதுநகரில் ஒரு டாக்டரம்மா, "நீ உண்டாகியிருந்தப்ப என்ன சாப்பிட்ட, என்ன குடிச்ச?" என்று வள்ளித்தாயிடம் கேட்டார். டம்ளர் கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். "அதுதாம்மா காரணமா இருக்கணும். நீ குடிக்கிறது அப்படியே வயித்துப் பிள்ளைக்குப் போகும். மூளை வளர்றதைக் கெடுத்துரும். இம்புட்டு குடிச்சாப் பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாது."

வீட்டுக்கு வந்து சொன்னாள். "நான் எப்ப ஊத்துனேன்?" என்று ஒச்சப்பன் சிரித்தார். குமரியாக அதே அடுப்படியில் நின்று அந்த டம்ளரைக் கழுவிய சொர்ணலட்சுமி, "நான் எதையும் பாக்கலை" என்றாள். அன்றைக்குப் பிறந்த வன்மத்தை வள்ளித்தாய் ஆறு வருசமாக ஊறுகாய் மாதிரி வெயில் காட்டிக் கெடாமல் வைத்திருந்தாள்.

பத்து மணிக்குத் தெருமுனையில் மூங்கிலைக் குறுக்கே கட்டிவிட்டு நின்றாள். கழுத்தில் மாமனாரின் கம்பெனி விசில்.

முதலில் வந்தவர் கொட்டு செட்டுக்காரர் ஊர்க்காவலன். கொட்டு இல்லாத நாளில் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர்.

"ஊதுங்க அண்ணே."

"நான் என்ன தாயி வெடி உருட்டவா வந்தேன்?"

"போர்மேன் சட்டம். அவுக இருக்கையில தினமும் ஊதுனீக. இன்னைக்கு ஒருநாள் ஊத மாட்டீகளா?"

ஊர்க்காவலன் பந்தலைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சு அடைத்திருந்தாலும் அந்த மூக்கு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தது. ஊதினார். தப்பித்தார்.

அவருக்குப் பின்னால் வரிசை வைப்பாறு வரைக்கும் நீண்டது. எழுபது பேர் ஊதினார்கள், இருபத்தெட்டுப் பேர் திரும்பினார்கள். திரும்பியவர்களில் முதல் ஆள் அவள் புருசன் பிரபாகரன்.

"ஏ, கொள்ளி வைக்கிறவன் நான்தானே?"

"நாலு மணிக்குத்தான் எடுக்கோம். குளிச்சு, மோரைக் குடிச்சுத் தெளிஞ்சு வாங்க. இல்லைன்னா கொள்ளியை நான் வைக்கேன்."

மோர் குடிக்கப் போனார்.

நாலு மணிக்குக் கொட்டு முழங்கியது. நெய்ப்பந்தம் பிடிக்கப் பேத்தியைக் கூப்பிட்டபோது யாரோ "அது கையிலயா" என்றார்கள். ஓவியா வந்து வாங்கினாள். சுடர் அசையவில்லை.

அப்போதுதான் சொர்ணலட்சுமி முந்தானைக்குள்ளிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள். பிராந்தி வாடை பந்தல் முழுக்க அடித்தது.

"அப்பா கடைசியா கேட்டது மதினி. வாயில ஒரு சொட்டு ஊத்தி அனுப்பச் சொன்னாக. அதைக்கூடவா தடுப்பீக?"

கொட்டு நின்றது. வள்ளித்தாய் விசிலைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"தடுக்கலை. ஊத்து. என் சபதம் போனாப் போகுது. ஆனா எனக்கு இவுக ஊத்துனதைப் பாத்தேன்னு இத்தனை பேருக்கு முன்னால சொல்லிட்டு ஊத்து."

சொர்ணலட்சுமி அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஓவியாவைப் பார்த்தாள். ஓவியா அத்தையைப் பார்த்துச் சிரித்தாள், கை மட்டும் ஆடாமல். உருகிய நெய் ஒரு துளி அவள் மணிக்கட்டில் விழுந்தது, அதற்கும் ஆடவில்லை.

சொர்ணலட்சுமி டம்ளரைத் தாழ்த்தி, "பாத்தேன்" என்றாள். "தினமும் ஊத்துனாக. நான்தான் கழுவுனேன்."

டம்ளர் அப்பாவின் உதட்டுப் பக்கம் போகவில்லை. வாசல் சாக்கடையில் கவிழ்ந்தது. வள்ளித்தாய் பாடையின் முன்கம்பைத் தொட்டுக் காட்டினாள். ஊதித் தேறிய தோள்கள் நான்கு குனிந்தன.

கொட்டுச் சத்தம் தெருமுனையைத் தாண்டும் வரை சொர்ணலட்சுமி அங்கேயே நின்றிருந்தாள். அப்புறம் தெருக்குழாயைத் திறந்து, அந்த டம்ளரைச் சாம்பல் போட்டு மூன்று தடவை கழுவி, கவிழ்த்து வைத்தாள்.