கண்ணாடிக்கு விழாத அடி

ஒருவன் செய்த தப்புக்கு இன்னொருவனை அடிக்கிற வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? டயர் கடைக்காரர் வீடு அப்படித்தான். சின்னவனுக்குப் பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாது. ஒரு அறை விட்டால் ஒரு வாரம் வீங்கிக் கிடப்பான். அதனால் அவனுக்குரிய அடியும் பெரியவன் முதுகில்தான் விழும். தெருவில் சின்னவனுக்குக் கண்ணாடி என்று பெயர்.

அன்று மத்தியானம், பஞ்சர் பார்க்கும் தொட்டியில் கண்ணாடி வாந்தி எடுத்தான். தண்ணீர் முழுக்கச் சிவந்தது. பெரியவன் டயர் கழற்றும் லீவரை வீசிவிட்டு அவனைத் தோளில் அள்ளிக்கொண்டு ஓடினான். எதிரே வந்த ஆட்டோவை மறித்து ஏறினான். அதற்குள் சட்டை முதுகு சூடாக நனைந்துவிட்டது.

“எத்தனை நாளாடா இப்படி?”

“நாலு நாளா வெளிய கறுப்பாத்தான் போகுது. தார் மாதிரி.”

“ஏன்டா வாயத் தொறக்கல?”

“சொன்னா, மாத்திரை யாரு வாங்கிக் குடுத்ததுன்னு அப்பா கேப்பாரு. உன் முதுகுல இனி எடம் ஏதுண்ணா?” சிரிக்கப் பார்த்தான். பல்லெல்லாம் ரத்தம்.

முட்டி வலி தாங்காமல் அவன் கெஞ்சியதால், தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த வலி மாத்திரையைப் பெரியவன்தான் வாங்கி வந்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தை உறைய வைக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டே டாக்டர் கேட்டார். “வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டியா?”

கண்ணாடி இல்லையென்று தலையாட்டினான்.

“பத்து நாளா சாப்பிடறான் சார். நான்தான் வாங்கிக் குடுத்தேன்” என்றான் பெரியவன்.

பின்னால் அப்பா வந்து நின்றதை அவன் பார்க்கவில்லை. இடுப்பில் விழுந்த உதையில் மருந்து வண்டியோடு கீழே சரிந்தான். பாட்டில்கள் உடைந்தன. அப்பா செருப்பைக் கழற்றி முகத்திலேயே அடித்தார். “கூடப் பொறந்தவனாடா நீ? கொல்ல வந்தவனாடா?” பெரியவன் கையைக் கூடத் தூக்கவில்லை. டாக்டர் இழுத்தும் அவர் நகரவில்லை.

கண்ணாடி கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினான். இறங்கியவன் இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தான்.

“கேட்டது நான்ப்பா. ஒரு தடவையாவது என்னை அடிங்க.”

ஓங்கிய செருப்பு அப்படியே நின்றது. கண்ணாடி மறுபடி வாந்தி எடுத்தான். தரை, செருப்பு, அப்பாவின் வேட்டி, எங்கும் தெறித்தது. திரும்ப ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. ஐந்தரைக்கு முடிந்துவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு உடலைக் கொடுத்தார்கள். தலைப்பக்கம் அப்பா பிடித்தார். கால்பக்கம் பெரியவன் பிடித்தான்.