நாலிலிருந்து நாலே கால் வரை

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வேண்டுமானால் என் இரண்டு கண்கள் மேலும், கேட்காத இடது காது மேலும் சத்தியம் செய்கிறேன். பேருந்து டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவன் நான். எனக்குப் பொய் சொல்ல நேரமே கிடைத்ததில்லை.

என் மகன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். மருமகள் ஆஸ்பத்திரி நர்ஸ். இருவரும் பிரிவதென்று முடிவான பிறகு வீடு, பீரோ, மீன்தொட்டி எல்லாம் சண்டையில்லாமல் பிரிந்தன. மீன்கள்கூட ஆளுக்கு மூன்றாகப் போயின. சுண்டு மட்டும் ஒருத்தி. ஆறு வயது. அவளைப் பிரிக்க வழி தெரியாமல் கோர்ட்டுக்குப் போனார்கள்.

நீதிபதி அம்மா வாரத்தைப் பிரித்தார். ஞாயிறு மாலை நாலு வரை அப்பா, அதற்குப் பிறகு புதன் காலை பள்ளிக்கூடத்தில் விடும் வரை அம்மா. ஆனால் கோர்ட் வராந்தாவில் இவர்கள் போட்ட கூச்சலில் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் பயந்து நின்றுவிட்டதால், இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். நாலு மணிக்கு அப்பா போய்விட வேண்டும். நாலே காலுக்கு அம்மா வர வேண்டும்.

நடுவில் பிள்ளையை யார் வைத்துக்கொள்வது? எந்தப் பெயரைச் சொன்னாலும் ஏதாவது ஒரு வக்கீல் எழுந்து நின்றார். கடைசியில் என் பெயர் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. என்னைக் கண்டால் இரண்டு பேருக்குமே ஆகாது. அதைவிட நடுநிலை வேறென்ன வேண்டும்?

“பிள்ளையை வாங்கின நேரம், கொடுத்த நேரம் ரெண்டையும் நோட்டுல எழுதணும், பெரியவரே,” என்றார் நீதிபதி.

“அதுதாங்கம்மா எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை,” என்றேன்.

இப்படித்தான் அந்தப் பதினைந்து நிமிடம் எனக்குக் கிடைத்தது. மகன் குடியிருந்த கட்டடத்தின் கீழே, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு. சுண்டு தன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள்.

“அப்பா வீட்ல அம்மாவைப் பத்திப் பேசக் கூடாது. அம்மா வீட்ல அப்பாவைப் பத்திப் பேசக் கூடாது. இங்க?”

“இங்க யாரைப் பத்தி வேணா பேசலாம்.”

“அப்ப உங்களைப் பத்திப் பேசுவோம். நீங்க ஏன் தாத்தா இவ்ளோ கிழம்?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே பத்து நிமிடம் போய்விட்டது. மீதி ஐந்தில் அவள் செருப்பு வாரை மாட்டினேன். அதற்குள் மருமகள் வந்துவிட்டாள். பதினைந்து நிமிடத்தில் ஒரு பேருந்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், டயரைத் தட்டிப் பார்க்கலாம். ஒரு பேத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

மருமகள் வருவது ஒன்பதாம் நம்பர் பேருந்தில். அதை டிப்போவிலிருந்து கிளப்பிவிடும் ஸ்டூலில், எனக்குப் பிறகு ஒல்லிக்குச்சி என்ற ஒருவன் உட்கார்ந்திருந்தான். டைம்கீப்பர் கையெழுத்துப் போடாமல் வண்டி நகராது. ஒல்லிக்குச்சியின் கைக்கடிகாரம் ஏழு வருடமாக ஓடவில்லை என்பது உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். ஆகவே வண்டியைக் கொஞ்சம் நிறுத்திவை என்று நான் போன் செய்தால் அவன் மறுக்க மாட்டான்.

இரண்டாம் வாரம் பத்து நிமிடம் நிறுத்தினான். அடுத்த வாரம் இருபது. ஆறாவது வாரம் அந்த வண்டியில் வழுவழுவென்று சவரம் செய்துகொண்டு ஏறிய ஒரு மனிதர் தாடியோடு இறங்கினார். வண்டிக்குள் பெண் பார்த்து, நிச்சயம் பண்ணி, மனம் மாறி முறித்துக்கொண்டவர்களும் உண்டு.

“இன்னிக்கு எவ்ளோ தாத்தா?”

“நாப்பது.”

“போன வாரமும் நாப்பதுதான். ஏத்தவே மாட்டீங்களா? கஞ்சம்!”

நாற்பது நிமிடத்தில் அவள் தூங்கவே செய்தாள், என் தொடையில் தலை வைத்து. கால் மரத்துப்போனது. நான் அசையவில்லை.

மருமகள் யூனிபாரத்தோடு மூச்சிரைக்க ஓடிவருவாள். “மாமா, வண்டி கிளம்பவே இல்ல. டூட்டி முடிஞ்சு நேரா வரேன். நாலே கால்னு போட்டுக்குங்களேன்.”

“மணி நாலு நாப்பதும்மா.”

“தெரியுது மாமா. நீங்க எழுதறது நோட்டு இல்ல. எனக்குத் தூக்குக் கயிறு.”

முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு நிமிடம்கூடத் தப்பாக எழுதியதில்லை. வண்டியை நிறுத்தலாம், நேரத்தைத் திருத்தக் கூடாது. நாலு நாற்பது என்று எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். பேனா காகிதத்தைக் கிழித்தது.

பதினோராம் வாரம் மகனுடைய வக்கீல் அந்த நோட்டைக் கோர்ட்டில் நீட்டினார். பதினோரு ஞாயிற்றுக்கிழமை. முதல் ஞாயிறைத் தவிர எல்லாம் தாமதம். பிள்ளைக்காக நேரத்துக்கு வரத் தெரியாத தாய் என்றார்.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “பெரியவரே, இதுல இருக்கிறது எல்லாம் உண்மையா?”

ஒல்லிக்குச்சியைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் பெஞ்சு போய்விடும். சுண்டு பள்ளிக்கூடத்தில் படம் வரைந்த கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தாள். மீதியை அடுத்த ஞாயிறு சொல்வதாகச் சொல்லியிருந்தாள்.

“ஒவ்வொரு நிமிஷமும் உண்மைங்கம்மா,” என்றேன்.

தாய்க்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கோர்ட்டிலேயே, ஒரு அதிகாரி முன்னால், இரண்டு மணி நேரம் என்று தீர்ப்பானது. மற்ற நாளெல்லாம் தகப்பனோடு. கைமாற்றம் கிடையாது. கைமாற்றம் இல்லையென்றால் இடைவெளியும் கிடையாது. இதை நான் கணக்குப் போட்டுப் பார்க்கத் தவறியிருந்தேன்.

வராந்தாவில் மகன் நோட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தான். “ரொம்ப உதவிப்பா. இனிமே நீங்க அலைய வேண்டாம்.”

“ஞாயித்துக்கிழமை சும்மா வந்து பாக்கறேனே?”

“வேண்டாம்பா. அவ கொஞ்சம் பழகட்டும். வீடும் மாத்தறோம்.”

எந்தத் தெருவுக்கு என்று சொல்லவில்லை.

மருமகள் தூணோரம் நின்றிருந்தாள். அழவில்லை. நான் கடந்து போகும்போது சத்தமில்லாமல் சொன்னாள்: “ஒன்பதாம் நம்பர் டிரைவர் நேத்து எல்லாத்தையும் சொன்னாரு மாமா.”

“அப்ப ஏம்மா உள்ள சொல்லல?”

“நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அன்று வரவழைத்திருந்த பிள்ளையைக் கோர்ட் அதிகாரி ஒருத்தி கைபிடித்துக் கீழே கூட்டிப்போனாள். படிக்கட்டில் திரும்பி, “மீதிக் கதை?” என்று சுண்டு கேட்டாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

நடந்தது இதுதான், நடந்தபடியே எழுதியிருக்கிறேன்.

அந்தப் பிள்ளையை நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பத்து மாதம். அப்போது பேச்சே வரவில்லை; பெஞ்சில் அவள் பேசியதெல்லாம் நான் பேசியது.