குங்குமம் வைத்த சீட்டு

தோள்பட்டை இன்னும் வலித்தது. காண்டாக் கம்பைத் தோளிலிருந்து இறக்கி ஒன்றரை மாசம் ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் ரப்பர் பால்வாளி தொங்கிய கனம் மட்டும் இறங்கவில்லை. கிளேபாங் சாலையில் வெறுங்கையோடு நடந்த முத்தாயி, வலது தோளைத் தாழ்த்தியே நடந்தாள். பழக்கம்.

மடியில் சீட்டு இருந்தது. வேலையை விட்டு நிறுத்தியபோது துரை தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது. பெயர், வயசு, எத்தனை வருஷம் பால் வெட்டினாள், கடைசியில் தனியாக ஒரு சொல். துரை கையெழுத்துப் போட்ட காகிதம் என்றால் சும்மாவா? மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, மூலையில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்துத்தான் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். செலண்டார் பக்கம் இரண்டு தோட்டம் ஏறி இறங்கினாள். இரண்டிலும் கணக்கெழுதும் கிராணி வாங்கிப் படித்தான், அவளை மேலும் கீழும் பார்த்தான், மடித்துக் கொடுத்தான். "ஆள் எடுக்கல." பின்னால் நின்றவளை எடுத்தான்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆளை ஊருக்குத் திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த 1932. கப்பலேறிப் போனாலும் முத்தாயிக்கு ஊரில் யாரும் இல்லை. தங்கா பத்துத் தோட்டத்து லயத்தில், குஞ்சம்மா வீட்டு மூலையில் கிடந்தாள். குஞ்சம்மா உறவில்லை, ஒரே கப்பலில் வந்தவள்.

சனிக்கிழமை குஞ்சம்மா சொன்னாள்: "மீனம்மா குடும்பம் ஊருக்குப் போயிருச்சுடி. அவ பால் வெட்டின மர நெரை சும்மா கெடக்கு. திங்கக்கிழமை பெரட்டுல கிராணியப் போய்ப் பாரு. அதுக்கு முன்னால அந்தச் சீட்டுல என்ன எழவு எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்க."

அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை நடை.

மலாக்கா டவுனில் ஜவுளிக்கடை வாசலில் மேசை போட்டு மனு எழுதுகிறவர் அப்துல் ஹமீது. சீட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, கல்யாணப் பத்திரிகையா? குங்குமமெல்லாம் வச்சிருக்கே."

"துரை குடுத்த சீட்டு பாய்."

படித்தார். சிரிப்பு நின்றது. "கிரீடின்னு எழுதியிருக்கான்."

"அப்படின்னா?"

"பேராசைக்காரி."

முத்தாயி, "நான் அரைப்பேர்தானே பாய் கேட்டேன்" என்றாள்.

பழைய தோட்டத்தில் அன்றைக்கு நெரை முழுக்க வெட்டி முடித்த பிறகுதான் மழை பிடித்தது. மரத்தில் கட்டிய மங்கில் இருந்த பாலெல்லாம் தண்ணீரோடு வழிந்துபோனது. வாளி காலியாக வந்தால் அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான். அது தோட்டத்து வழக்கம். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். இவள்தான், "மரத்தை நான் வெட்டினேனா, மழை வெட்டுச்சா? மிச்ச அரைப்பேரையும் போடுங்க" என்றாள். கூட்டம் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று துரை கேட்டார். கிராணி இங்கிலீஷில் சொன்னான். மறுநாள் சீட்டு வந்தது.

ஹமீது மேசைக்கு அடியிலிருந்து தலையணை மாதிரி ஒரு அகராதியைத் தூக்கி வைத்தார். ஏலத்தில் எடுத்தது. அதைப் பிரிக்க ஒரு சாக்கு கிடைத்தால் விடமாட்டார்.

"கேளு. சொல்லோட வேர் போட்டிருக்கான். வெள்ளைக்காரன் சீமைப் பக்கம் ரொம்பப் பழைய காலத்துல இதோட சொந்தக்காரச் சொல்லுக்குப் பசின்னுதான் அர்த்தமாம். சமஸ்கிருதத்துல கழுகுக்கும் இதே வேராம்."

"பசியா?"

"பசிதான்."

"அப்ப அதைப் பின்பக்கம் எழுதிக் குடுங்க பாய்."

"எழுதி?"

"கிராணி படிச்சவர்தானே. படிச்சுக்குவாரு."

ஹமீது பேனாவை மையில் தொட்டு இரண்டு வரி எழுதினார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டிய மூன்று காசைத் தள்ளிவிட்டார். "போற வழியில எதையாவது வாங்கித் தின்னு."

திங்கள் விடியலில் பெரட்டு, ஆள் எண்ணிப் பேர் போடும் நேரம். தங்கா பத்துக் கிராணி சாமிநாதன் முன்பக்கம் படித்தார், திருப்பினார், பின்பக்கம் படித்தார்.

"யாரு எழுதினது?"

"மலாக்கா பாய் ஐயா. பெரிய புத்தகத்துல இருக்காம்."

"இருக்கும். நான் இல்லேங்கல. ஆதியில என்னவா இருந்தா என்னம்மா? எங்க துரை பின்பக்கம் பாக்கமாட்டாரு. உனக்கு மீனம்மா நெரையைக் குடுத்தேன்னா நாளைக்கு எனக்கும் ஒரு சீட்டு எழுதுவாரு." குரலைத் தாழ்த்தினார். "சீட்டே இல்லாம வந்திருந்தா புல்லுவெட்டுக்காவது பேர் போட்டிருப்பேன்லா. எதுக்குக் காட்டினே?"

"நீங்க கேட்டீங்க ஐயா."

"கேட்டேன். தொலைஞ்சுபோச்சுன்னு சொல்றதுக்கென்ன? இப்ப வேலை வாங்குற மண்டோர்லேருந்து எல்லாரும் பாத்தாச்சு. போ."

மீனம்மா நெரைக்கு வேறொருத்தி வாளி எடுத்தாள். முத்தாயி ஓரமாக ஒதுங்கி, காண்டாக் கம்புகள் வரிசையாகக் காட்டுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

மத்தியானம் குஞ்சம்மா வந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அளக்கிற பால்டின்னில் அரிசியை அள்ளி, உள்ளங்கையால் தலைதட்டி, பானையில் போட்டாள்.

"அடுப்பு பிடிக்கமாட்டேங்குது. வெறகு ஈரம்."

முத்தாயி மடியிலிருந்து சீட்டை எடுத்து அடுப்பில் வைத்தாள். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்தே எரிந்தன. மஞ்சள் தடவிய மூலை மட்டும் கொஞ்சம் தாமதித்தது.

சோறு வெந்தது. இருவரும் தின்றார்கள்.

இன்றைய டின்னோடு, குஞ்சம்மாவுக்கு முத்தாயி தரவேண்டியது முப்பத்தெட்டு டின் அரிசி.