கோட்டின் மேலே புள்ளிகள்

அவள் தலையில் ஷாம்பு நுரை இருக்கும்போதுதான் போன் அடித்தது. கட்டிலின் தலைமாட்டில் ரப்பர் ஷீட்டை விரித்து, அவள் கழுத்துக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்க முடியாது.

"அடிச்சா அடிக்கட்டும்," என்றான்.

"வாலுவாத்தான் இருக்கும். எடு." அவள் கண்ணைத் திறக்கவில்லை.

அவளுடைய தங்கை சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர், ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு அக்காவோடு வந்து இருக்கிறாள். போனை எடுத்து அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அவ பக்கத்துல இருக்காளா?"

"ம்."

"அப்ப நீங்க ஒண்ணும் பேசாதீங்க. பெட்டியை இன்னிக்குத் திறக்கல. ரெண்டு வாரம் தள்ளிப் போட்டுட்டாங்க."

அவன் "சரி" என்று மட்டும் சொன்னான். நுரை போகும்வரை இன்னும் மூன்று செம்பு தண்ணீர் ஊற்றினான். சிகிச்சையில் கொட்டிப்போய்ப் புதிதாக முளைத்த முடி, விரலுக்கு அகப்படாமல் வழுக்கியது.

வாலு என்பது அவன் மனைவி வைத்த பெயர். தோழிகள் இருவரும் இருபது வருடமாக ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். நகருக்கு வெளியே பூமிக்கு அடியில் வட்டமாகச் சுரங்கம் வெட்டி, அதில் புரோட்டான்களை எதிரெதிராக ஓடவிட்டு மோத வைக்கிற ஆய்வுக்கூடம். மோதலில் புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகள் தெறித்துக் கிளம்பும். ஆனால் குவார்க்கைத் தனியாக யாரும் பார்த்ததில்லை. தெறித்த நொடியிலேயே அது கொத்துக்கொத்தாகத் துகள்களாக மாறி ஒரே திசையில் பீய்ச்சிக்கொண்டு போகும். அந்தப் பீய்ச்சலுக்குத்தான் ஜெட் என்று பெயர். ஜெட்டுகளின் ஆற்றலை அளந்து வரைபடத்தில் புள்ளி வைத்தால், கோடு உயரத்திலிருந்து சரிந்து சரிந்து இறங்கி, கடைசியில் ஒன்றிரண்டு புள்ளிகளோடு மெலிந்து போகும். அந்த மெலிந்த இடம்தான் வால். அதைப் பார்த்துக்கொண்டவளுக்கு அதுவே பேராகிவிட்டது. வாயும் கொஞ்சம் நீளம் என்பதால் பேர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

கல்யாணப் பேச்சு வந்தபோது, "பொண்ணு ஜெட்டுல வேலை பார்க்குது" என்று அவன் சொன்னதை அவன் அம்மா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "ஏண்டா, விமானத்துல நிக்கிறதுக்கு அந்தப் பொண்ணு உயரம் பத்தாதே" என்று கவலைப்பட்டாள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவன் மனைவி வருடக்கணக்காகச் சிரித்திருக்கிறாள். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு கீழ்வீட்டுக்காரர் முழங்கால் வலி என்று வந்து நின்ற கதை இன்னொன்று. அன்றிலிருந்து அவன் அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிட்டான்.

அவன் அதே ஆய்வுக்கூடத்தில் லிப்ட் மெக்கானிக். தரையிலிருந்து தொண்ணூறு மீட்டர் ஆழத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்றுகிற லிப்ட்டுகள் மூன்று அவன் பொறுப்பு.

ஈரத்தை ஒற்றி எடுத்து, உலர்ந்த தலையணை உறை மாற்றி, அவளைப் படுக்க வைத்தான். காலையில் வந்த நர்ஸ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்குத் தாண்டுறது கஷ்டம் சார். பேசணும்னு நினைக்கிறதை இன்னிக்கே பேசிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. கொடுப்பதற்கு ஏதாவது இருந்தால் தேவலை என்று இருந்தது.

மாடிப்படி வளைவில் போய் நின்று வாலுவைக் கூப்பிட்டான்.

"எதுக்குத் தள்ளிப் போட்டாங்க?"

"ஒருத்தர் இன்னொரு தடவை சரிபார்க்கச் சொல்றார். அளவுல ஒரு சந்தேகமாம். நியாயமான சந்தேகம்தாண்ணா."

"அவளுக்கு ரெண்டு வாரம் கிடையாது."

அவனே மேலே கேட்டான்.

"பெட்டி யாருகிட்ட இருக்கு?"

"பெட்டின்னு ஒண்ணும் இல்லண்ணா. கம்ப்யூட்டர்ல வால் பகுதியை மட்டும் மறைச்சு வச்சிருக்கோம். ஒரு வரி அடிச்சா தெரிஞ்சிடும்."

"யாரு அடிக்கணும்?"

"நான் அடிக்கலாம்."

"அப்ப அடி. என்ன வருதோ அவகிட்ட வந்து சொல்லு. வெளியில யாருக்கும் தெரிய வேணாம்."

"அண்ணா, இந்த விதியைப் போட்டதே அவதான். எங்க எல்லாரோடயும் சண்டை போட்டுக் கொண்டு வந்தா."

அது அவனுக்கும் தெரியும். பார்த்துவிட்டு அளந்தால் மனசு போகிற பக்கம் கையும் போகும், அதனால் அளந்து முடிக்கும்வரை கடைசிப் பகுதியை யாரும் பார்க்கக் கூடாது என்பாள். ஒன்பது வருடமாக அவள் செய்தது அந்த அளக்கிற வேலைதான். ஒரு பக்கம் ஒளித்துகள், எதிர்ப்பக்கம் ஜெட் என்று தெறிக்கிற மோதல்களை லட்சக்கணக்கில் பொறுக்குவாள். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். சமமாக இல்லாவிட்டால் ஜெட்டை அளந்ததில்தான் பிழை. அந்தப் பிழையைத் துளித்துளியாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். வாலில் எங்காவது கோட்டை விட்டுப் புள்ளிகள் மேடு கட்டியிருந்தால், இதுவரை யாரும் அறியாத கனமான துகள் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒன்பது வருடத்தில் எத்தனையோ சாயங்காலம் அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் சில நாள் தனியாகத்தான் சாப்பிட்டான்.

"அவளுக்குத் தெரிஞ்சுட்டுப் போகணும்," என்றான். "எனக்காக."

வாலு நான்கு மணிக்கு வந்தாள். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் கால்மாட்டில் நின்றான். தங்கை டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

நோயாளி கண்ணைத் திறந்து தோழியின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"பார்த்தியாடி?"

"இல்ல."

"என் மேல சத்தியமா?"

"இல்லடி. வரியை மட்டும் அடிச்சு வச்சிருக்கேன். நீ சொன்னா அழுத்துறேன்."

"யார் ஐடியா?"

வாலு தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் கேட்டேன்," என்றான் அவன்.

அவள் கோபப்படவில்லை. கணினியை இங்கே கொண்டுவா என்று விரலால் காட்டினாள். வயிற்றின் மேல் தலையணை வைத்து, அதன் மேல் கணினியை வைத்து, அவன் பின்னால் உட்கார்ந்து அவளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டான். திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. அவள் அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு வலது கை நடுவிரலை எடுத்து அழிக்கிற பட்டனில் வைத்தாள். ஒரு எழுத்து போயிற்று. இன்னொன்று. அழுத்திப் பிடித்திருந்தால் மொத்தமும் போயிருக்கும். அதற்கு விரலில் வலுவில்லை. நான்கு எழுத்துக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. வரி முழுக்க அழிய ஏழெட்டு நிமிடம் ஆனது.

"இப்பத் திறந்தா, சாகப் போறவளுக்காகத் திறந்ததுன்னு ஆயிடும்," என்றாள். "அப்புறம் என்ன வந்தாலும் யாரு நம்புவா? நானே நம்ப மாட்டேன்."

"யாருக்குடி தெரியப் போவுது?" என்று வாலு அழுதாள்.

"உனக்குத் தெரியுமே. அந்தச் சந்தேகத்தை ஒழுங்கா சரிபாரு. அவர் கேட்டது சரியான கேள்வி."

வாலு போன பிறகு தங்கை மருந்துக்கடைக்குக் கிளம்பினாள். வீட்டில் இரண்டு பேர் மட்டும். அவள் இன்னும் அவன் மேல்தான் சாய்ந்திருந்தாள்.

"கோவமா?" என்றாள்.

"இல்ல. உனக்கு ஏதாவது குடுக்கணும்னு இருந்துச்சு. என்கிட்ட இருக்கிறது லிப்ட்டுதான். அதுல எங்கே கூட்டிட்டுப் போறது?"

அவள் சிரிப்பது அவன் நெஞ்சில் தெரிந்தது.

"லிப்ட்டுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. அன்னிக்கு நான் பாதியில மாட்டிக்கிட்டேனே."

அதுதான் அவர்கள் சந்தித்த நாள். தரைக்கும் ஆழத்துக்கும் நடுவே லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே அவள் ஒருத்திதான். மேலே இயந்திர அறையிலிருந்து அவன் ஸ்பீக்கரில் பேசினான். மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் கத்துவார்கள். இவள் கேள்வி கேட்டாள். எடை கூடினால் லிப்ட்டுக்கு எப்படித் தெரியும்? கயிறு எத்தனை? ஒன்று அறுந்தால்? இருபத்தைந்து நிமிடம் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"அதைப் பத்தி ஒண்ணு சொல்லணும்," என்றான். "பத்து நிமிஷத்துல சரி பண்ணிட்டேன். ரிலே ஒண்ணுதான் போயிருந்துச்சு. அப்புறம் சும்மாதான் பேசிட்டு இருந்தேன். நீ மேலே வந்துட்டா போயிடுவியேன்னு."

இருபத்து நான்கு வருடம் யாரிடமும் சொல்லாதது. வேலையே போயிருக்க வேண்டிய தப்பு. தூங்கிவிட்டாளோ என்று குனிந்து பார்த்தான்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"பட்டன்ல லைட்டு வந்துடுச்சே. அழுத்தினா மேலே போயிருக்கும். விரலைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு உன் கயிறு கதையைக் கேட்டுட்டு இருந்தேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ கார் கதவைச் சாத்தினார்கள். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்ச நேரம் மாட்டிக்கிட்டு இருந்திருக்கலாம்," என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் போனாள். அவன் ஜன்னல் திரையை விலக்கப் போயிருந்தான். "மாமா" என்று தங்கை கூப்பிட்டாள். கட்டிலுக்குத் திரும்பி வர நான்கு எட்டு வைத்தான். அதற்குள் முடிந்திருந்தது.

இறுதிச் சடங்குக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேர் அவனை லிப்ட்காரராகத்தான் அறிந்திருந்தார்கள். வரிசையின் முதலில், கணவனுக்குரிய இடத்தில் அவன் நின்றதைப் பார்த்துத் திகைத்தார்கள். கீழ்வீட்டுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார்.

பதினாறாம் நாள் பெட்டியைத் திறந்தார்கள். வாலு அவனையும் கூப்பிட்டிருந்தாள். வேலைச் சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தான். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, வாலு அந்த வரியை அடித்து அழுத்தினாள். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மேடு இல்லை. எங்கேயும் இல்லை. கோடு எப்படிப் போகும் என்று முன்னமே கணக்குப் போட்டிருந்தார்களோ அப்படியே போயிற்று. யாரோ இருமினார்கள். நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

"ஒண்ணும் இல்லண்ணா," என்று வாலு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் சுருங்கிப் போயிருந்தது.

"அவ அளந்தது சரியா இருந்துச்சா?"

வாலு திரையைப் பார்த்தாள். ஏதோ அப்போதுதான் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். "பாருங்க," என்றாள். "அவ்வளவு தூரம் வரைக்கும் போயும் கோட்டு மேலயே உட்கார்ந்திருக்கு. ஒரு பக்கமாச் சாயவே இல்ல. இவ்வளவு துல்லியமா இதுக்கு முன்னால யாரும் அளந்தது கிடையாது."

அவன் தலையாட்டினான். மேடு வந்திருந்தால் அன்றைக்கு அழுத்தாமல் விட்டதற்காகத் தன்னால் அவளை மன்னித்திருக்க முடியுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. எழுந்து வேலைக்குப் போனான்.

நான்கு மாதம் கழித்து அந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. வாலு அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கணக்குகள் அவனுக்குப் புரியாது. கடைசியில் எழுதியவர்களின் பெயர்கள் மட்டும் பதினைந்து பக்கம், அகர வரிசையில், பொடி எழுத்தில். கீழே லிப்ட் அறையில் உட்கார்ந்து விரல் வைத்துத் தேடினான். அவள் பெயர் பதினோராம் பக்கத்தில் இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி. இறந்தவர் என்று அதற்கு அர்த்தம் என்று வாலு சொல்லியிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பெண் பெயர். அடுத்து ஓர் ஆணின் பெயர், வாயில் நுழையாத நீளம். அந்த மூன்று பெயர்களையும் பல தடவை படித்ததில் மனப்பாடமாகிவிட்டது.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் கேன்டீனில் தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் தேடியபோது, ஜன்னலோரம் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் கழுத்தில் தொங்கிய அட்டை கண்ணில் பட்டது. நின்று இரண்டாம் முறை படித்தான். அவள் பெயருக்கு அடுத்து இருந்த அதே நீளமான பெயர். நரைத்த தாடி, சட்டையில் குழம்புக் கறை. முன்பின் பார்த்த முகம் இல்லை.

சுற்றிலும் காலி மேஜைகள் இருந்தன.

"இங்க உட்காரலாமா?" என்று கேட்டான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். காலி மேஜைகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி இடம்விட்டார். அவன் எதிரில் உட்காரவில்லை. சுற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, சாப்பிட ஆரம்பித்தான்.