காயப் போடு

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

துரை எங்கள் வீட்டு முயல் குட்டி. வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. என் மகள் எத்தனை தடவை கூப்பிட்டாலும் வராது. ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். "துரைக்கு எழுந்து வர மனசு வரல" என்று என் அண்ணன் கிண்டல் செய்தான். அதுவே பெயராக நின்றுவிட்டது.

விற்றவன் மூன்று மாதக் குட்டி என்று சொல்லித்தான் கொடுத்தான். கூடவே ஒரு பை நிறையக் கலர் கலராகத் தீனி உருண்டை. "கேரட் போடுங்க, கீரை போடுங்க, இத போடுங்க, கேட்டதெல்லாம் போடுங்க" என்றான். கூண்டின் அடியில் பரப்பியிருந்த காய்ந்த புல்லைக் காட்டி, "இது படுக்கறதுக்கு" என்றான். பிறகு மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மா எடையும் உடம்பும் பார்த்துவிட்டு, ஆறு வாரம்கூடத் தாண்டியிருக்காது, இன்னும் தாயிடம் பால் குடிக்க வேண்டிய குட்டி என்றார். அந்தக் கடைக்காரனை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பத்தாம் நாள் காலையில் மகள் கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வயது எட்டு. பள்ளிக்கூடச் சட்டையை ஒரு கையில்தான் மாட்டியிருந்தாள்.

"அம்மா, துரைக்கு வயிறு சரியில்ல."

எட்டிப் பார்த்தேன். எப்போதும் மிளகு கொட்டினது மாதிரி உருண்டை உருண்டையாகக் கிடக்கும் புழுக்கை அன்று குழைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, நாறிக்கொண்டு கிடந்தது. பின்னங்கால் முடியிலும் ஈஷியிருந்தது. உடனே மிருக டாக்டருக்குப் போன் போட்டேன். டாக்டரம்மா திருப்பிக் கூப்பிடுவார் என்றார்கள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முயலை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டு ஓடினேன்.

அண்ணன் டைல்ஸ் ஒட்டுகிறவன். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு மாடிப்படியில் வழுக்கி இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். தனியாக இருக்கிறவன், ஒற்றைக் கையால் என்ன சமைப்பான் என்று நான்தான் வீட்டுக்கு அழைத்து வந்தேன். என் வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போனால் வாரக் கடைசியில்தான் வருவார். அதனால் மகளைப் பள்ளியில் விடுவது, கூட்டி வருவது, துரையைக் கவனிப்பது எல்லாம் அண்ணன்தான். சொன்ன வேலையை நூல் பிடித்த மாதிரி செய்வான். ஒரு மயிரிழை கூடவும் செய்ய மாட்டான், குறையவும் விட மாட்டான்.

நான் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத நீளமான அறை. துவைக்கிற மெஷின் நான்கு, உலர்த்துகிற டிரையர் மூன்று. எல்லாம் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். பத்தேகால் மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டார்.

"கேரட், கீரை, அந்த உருண்டை, மூணையும் இப்பவே நிறுத்துங்க. காய்ஞ்ச புல் மட்டும் நிறையப் போடுங்க. அது மென்னுக்கிட்டே இருக்கணும். முயலோட குடல் நிக்கவே கூடாதும்மா. சாப்பிடறத நிறுத்திடுச்சுன்னா உடனே தூக்கிட்டு வாங்க."

அந்தக் கையோடு வீட்டுக்குப் போன் போட்டேன். கேரட்டை நிறுத்து, கீரையை நிறுத்து, கலர் உருண்டையை நிறுத்து என்று அண்ணனிடம் வரிசையாகச் சொன்னேன். நடுவில் இரண்டாம் நம்பர் டிரையர் மூச்சை நிறுத்திவிட்டது. உள்ளே எண்பது படுக்கை விரிப்பு, பாதி ஈரத்தில். மடிப்பு மேஜையில் நிற்கும் என் சிநேகிதி ஓடி வந்தாள். போனைக் காதில் வைத்தபடியே அந்தப் பஞ்சாயத்தையும் முடித்தேன். "சரி, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணன் வைத்துவிட்டான். எனக்கும் ஒரு பாரம் இறங்கியது.

நாலரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் கையைப் பிடித்து இழுத்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"துரை செத்துப் போயிடுமாம்மா?"

கூண்டு பளபள என்று இருந்தது. துடைத்து, கழுவி, மறுபடி துடைத்து, புதிதாக டைல்ஸ் ஒட்டிய குளியலறை மாதிரி வைத்திருந்தான் அண்ணன். அதில் ஒரு புல் இல்லை. தண்ணீர்க் கிண்ணம்கூட இல்லை. ஒரு மூலையில் துரை முதுகைக் கூன் போட்டு உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. பல்லை நறநற என்று கடித்துக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் ஒரு புழுக்கை இல்லை. கையை நீட்டினால் காதைக்கூடத் திருப்பவில்லை.

"புல் எங்கண்ணா?"

"எடுத்துட்டேன். நீ சொன்ன மாதிரியே காலையிலேர்ந்து ஒண்ணும் வைக்கல."

"ஒண்ணும் வைக்கலயா?"

"நீதானே சொன்ன. எல்லாத்தையும் வெளிய எடுத்துக் காயப் போடு, நான் சொல்ற வரைக்கும் உள்ள எதையும் போடாதன்னு."

சின்ன வயதில் எங்களுக்கு வயிற்று வலி என்றால் அம்மாவுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்தான். வயிற்றைக் காயப் போடு. நாள் முழுக்கப் பட்டினி, சாயந்திரம் கஞ்சித் தண்ணீர். அண்ணனும் நானும் அப்படித்தான் வளர்ந்தோம். ஆனால் இது முயல். அதுவும் கைக்குள் அடங்குகிற குட்டி. காய்ஞ்ச புல்லைப் போடு என்றதை இவன் காயப் போடு என்று கேட்டிருக்கிறான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன்.

"காய்ஞ்ச புல்லப் போடுன்னு சொன்னேன். காயப் போடுன்னா சொன்னேன்? காது என்ன, அடைச்சுப் போச்சா? அந்த டைல்ஸ் கட்டிங் மெஷின் பக்கத்துலயே நின்னு நின்னு செவிடாயிட்டியா?"

"இல்ல, நீ..."

"பேசாத. பச்சக் குட்டியப் பட்டினி போட்டுக் கொல்லப் பாத்திருக்க. நீ மட்டும் வேளா வேளைக்குக் கொட்டிக்கிட்டதானே? வேற என்ன வேலை உனக்கு இங்க? தண்டச்சோறு."

அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். நானே கூப்பிட்டு வந்து வைத்துக்கொண்டவனிடம், கை உடைந்து கிடக்கிறவனிடம் சொன்னேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. அண்ணன் துரையை ஒரு தடவை பார்த்தான். பிறகு, "காதுல சரியா விழலையோ என்னமோ" என்று முணுமுணுத்துவிட்டு, பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கி, துண்டு விரித்து, நல்ல கையால் துரையைத் தூக்கி உள்ளே வைத்தான்.

மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். வழி முழுக்க நான் நிறுத்தவில்லை. ஆட்டோக்காரரே கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்தார்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார்.

"குடல் சத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. வாயு வேற. எப்பலேர்ந்து சாப்பிடல?"

"பத்தரையிலேர்ந்து டாக்டர்."

"நான் புல் போடச் சொன்னேனே. யார் நிறுத்தினது?"

"இதோ நிக்கறாரே, என் அண்ணன். ஒண்ணு சொன்னா ஒண்ணு காதுல விழும்."

அண்ணன் கதவோரம் காலிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் மகள் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

"மனுஷனுக்கு ஒரு நாள் வயித்தக் காயப் போட்டா ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டரம்மா. "முயலுக்கு அது ஆகாது. உள்ள போயிக்கிட்டே இருந்தாத்தான் குடல் ஓடும். நின்னா வாயு கட்டி, வலி வந்து, அப்புறம் கொடுத்தாலும் தின்னாது. நல்ல வேளை, இன்னிக்கே வந்தீங்க."

வலிக்கு ஓர் ஊசி போட்டார். தோலுக்கு அடியில் குளுக்கோஸ் ஏற்றினார். அடைப்பு இல்லை என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகு குடலுக்கு மருந்து கொடுத்தார். புல்லைப் பொடியாக்கிக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து எப்படி ஊட்டுவது என்று காட்டினார். "திணிக்கக் கூடாது. கடைவாய்ப் பக்கம் ஒரு சொட்டு வச்சுட்டுக் காத்திருங்க. முழுங்கினதும் அடுத்தது. புழுக்கை போட்டுச்சுன்னா எனக்குப் போன் பண்ணுங்க. அப்பதான் நானும் நிம்மதியா இருப்பேன்."

துரையை வெந்நீர்ப் பை மேல் படுக்க வைத்து அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் ஒரு கோடியில், அவர்கள் இரண்டு பேரும் மறு கோடியில். அப்போது போன் அடித்தது. மடிப்பு மேஜைச் சிநேகிதி.

"டிரையர் ரெடியாயிடுச்சு. போடலாமா?"

"என்னத்தப் போடறது?" என்றேன் எரிச்சலோடு.

"அடுத்த துணியத்தான். நீதானே காலையில கத்தின. எல்லாத்தையும் வெளிய எடுத்துக் காயப் போடு, நான் சொல்ற வரைக்கும் உள்ள எதையும் போடாதன்னு. கயிறு கட்டிக் காயப் போட்டோம், எல்லாம் காய்ஞ்சிடுச்சு. மெக்கானிக் வந்து சரி பண்ணிட்டாரு. உன்னைக் கேக்காம போட்டா நாளைக்கு நீ என்னைத் தின்னுடுவ. அதான் கேட்டேன்."

"போடு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அண்ணன் வார்த்தை பிசகாமல் அதையேதான் சொல்லியிருந்தான். காலையில் நடந்ததை முதலிலிருந்து யோசித்துப் பார்த்தேன். கேரட்டை நிறுத்து. கீரையை நிறுத்து. உருண்டையை நிறுத்து. டிரையர் நின்றது. இவள் ஓடி வந்தாள். எல்லாத்தையும் வெளிய எடுத்துக் காயப் போடு. அண்ணன் சரி என்றான். காய்ந்த புல் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை. அவன் அரைகுறையாகக் கேட்கவில்லை. எண்பது விரிப்புக்குச் சொன்னதையும் சேர்த்து முழுசாகக் கேட்டிருக்கிறான். நான் சொன்னதை நூல் பிடித்த மாதிரி செய்திருக்கிறான்.

அதுவரை கொதித்த கோபம் அப்படியே நின்றது. யார் மேல் கொட்டுவது என்று தெரியவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆஸ்பத்திரி என்பதால் அதுவும் முடியவில்லை.

எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்பாகக் கேட்கத் தெரிந்தால்தானே. சண்டை போடுகிற குரலிலேயே சொன்னேன்.

"காலையில நீ கேட்டது சரிதான். டிரையர் நின்னுபோச்சு. அவகிட்ட சொன்னத நீ துரைக்குன்னு நினைச்சுட்ட. புல்லுன்னு நான் சொல்லவே இல்ல. உன் காது நல்லாத்தான் இருக்கு."

அண்ணன் நல்ல கையால் காலிப் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தான்.

"நல்லதாப் போச்சு" என்றான். "காது டாக்டரும் இங்கதான் எங்கயாவது இருக்காரான்னு பாத்துட்டிருந்தேன்."

என் மகள் சிரித்தாள். அவனும் லேசாகச் சிரித்தான். காதைப் பற்றி அதோடு முடிந்தது. இன்னொரு வார்த்தையைப் பற்றி அவனும் பேசவில்லை, எனக்கும் வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து நான் துரையை மடியில் வைத்துக்கொள்ள, அண்ணன் சிரிஞ்சைப் பிடித்தான். ஒரு சொட்டு. காத்திரு. அடுத்த சொட்டு. டைல்ஸ் இடுக்கில் பூச்சு பூசுகிறவன் கை, ஒரு துளி வெளியே சிந்தவில்லை. ஊட்டி முடித்ததும் புல் பரப்பி அதைக் கூண்டில் விட்டோம். ஏழே முக்காலுக்கு என் மகள் கூண்டுக்குள் தலையை விட்டுக் கத்தினாள். உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். நாலு புழுக்கை. சின்னது, காய்ந்தது, உருண்டையானது. அதற்கு அப்படி ஒரு வரவேற்பு எங்கள் வீட்டில் வேறு எதற்கும் கிடைத்ததில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே துரை ஒரு புல்லை ஓரமாக இழுத்து மெல்ல ஆரம்பித்தது.

சாப்பாடு எடுத்து வைக்க அடுப்படிக்குப் போனேன். காலையில் அண்ணனுக்காக மூடி வைத்த சோறு மூடினது மூடினபடி இருந்தது. குழம்பில் கரண்டி போடவில்லை.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஸ்கூல் விட்டு வந்தப்பவே கேட்டேன்மா. மாமா மத்தியானம் சாப்பிடலையாம். துரை பசியோட பாத்துக்கிட்டே இருக்கு, எனக்கு எப்படி இறங்கும்னு சொன்னாரு."

காலையில் தட்டில் வைத்ததுதான் அவன் கடைசியாகத் தின்றது. நான் தண்டச்சோறு என்று சொன்னபோது அவன் வயிறும் துரை வயிறும் ஒன்றாகத்தான் காய்ந்துகொண்டிருந்திருக்கின்றன.

சோற்றைச் சூடாக்கித் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடுண்ணா."

"பசிக்கல. நீங்க சாப்பிடுங்க."

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீ."

"வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்றான், என்னைப் பார்க்காமல். "காயட்டும் விடு."

எனக்கு மறுபடியும் தலைக்கேறியது. தின்னுடா என்று கத்தியிருப்பேன். பிடித்து வாயில் திணித்திருப்பேன். பற்களைக் கடித்துக்கொண்டு தட்டை அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தேன். "நான் சொன்னது தப்புண்ணா. காலையில சொன்னது இல்ல. சாயந்திரம் சொன்னது" என்றேன்.

கூண்டுக்குள் துரை மென்றுகொண்டிருந்தது. நான் எதிரே தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன்.