வெயிலில் நிற்க வேண்டிய புனிதர்

1

“சாவியக் குடுங்க ஞானம்மா, வியாழக்கிழமைக்கு—”

“குடுக்க மாட்டேன்.”

“நான் இன்னும் முழுசாச் சொல்லவே—”

“நீ முழுசாச் சொன்னாலும் கிடையாது, பாதி சொன்னாலும் கிடையாது. ஞானஸ்நானத்துல உன் தலையில தண்ணி ஊத்துனப்ப உன்னத் தூக்கிப் பிடிச்சிருந்தவ நான். அந்த நன்றிக்கு ஆத்தையே குழாய்க்குள்ள திருப்பி விட்டுட்ட.”

“நானா திருப்புனேன்? கம்பெனி திருப்பிச்சு.”

“சட்டையில யார் பேரு போட்டிருக்கு?”

“கம்பெனி பேரு.”

“அப்புறம் என்ன!”

2

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே இப்படித்தான், நடுவிலிருந்து. எங்கள் ஊர் எல் ஹிக்காரோவின் மக்காச்சோள மில்லில், அரைக்க வேண்டிய சோளத்தை வாளியில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நிக்கொலாசா. அவளுக்குப் பக்கத்தில், அவளை ‘ஞானம்மா’ என்று கூப்பிடும் அவளுடைய ஞானப்பிள்ளை ஒல்வின், மின் கம்பெனியில் ‘ஊர் நல்லுறவு அதிகாரி’. எங்கள் மில் டீசலில் ஓடுகிறது. அதன் கூரைக்கு மேலே மின் நிலையத்தின் கம்பிகள் தடித்தடியாகத் தலைநகரத்துக்குப் போகின்றன. அவற்றால் எங்கள் ஊருக்குக் கிடைத்த ஒரே வசதி, பறவைகள் உட்கார இடம்.

முறையாகத் தொடங்கத்தான் பார்த்தேன். “ஹோண்டுராஸின் மேற்கு மலைகளுக்கிடையே வெள்ளிச் சரிகைபோல் ஓடும்” — எங்கே ஓடுகிறது? ஆறு இப்போது குழாயில் கிடக்கிறது. அடித்துவிட்டேன். “நீர்மின்சாரம் என்பது, உயரத்திலிருந்து விழும் நீரின்” — எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. அதையும் அடித்தேன். மிஞ்சியது சண்டைதான்.

சண்டை எதற்கென்று சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை மின் நிலையத்தைத் திறந்துவைக்க அமைச்சர் வருகிறார். மே மாதம் முடியப்போகிறது, மழையைக் காணோம். தடுப்பணையில் தவளைக்கு முழங்கால் நனையும் அளவுதான் தண்ணீர், டர்பைன் சுற்றாது. மழைக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. உழவர் புனித இசிதோரின் சுரூபத்தைப் பவனியாக எடுத்துப்போய், தொப்பியைக் கழற்றி, காய்ந்த வயலின் நடுவே வெயிலில் நிறுத்திவிடுவோம். அவருக்கே தாங்க முடியாமல் போனதும் மழை அனுப்பிவிடுவார்.* கோயில் சாவி ஆண்டுக்கு ஒருவர் கையில் இருக்கும். அவர் திறந்தால்தான் புனிதர் வெளியே வரலாம். இந்த ஆண்டு அந்தக் கை நிக்கொலாசாவுடையது.

(* பங்குச் சாமியாருக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. ஆனால் அவருக்கும் ஒரு காய்கறித் தோட்டம் உண்டு. ஆகவே பவனி நாளில் தவறாமல் தலைவலி வந்து படுத்துக்கொள்வார்.)

3

ஒல்வினை வில்லனாக்க நினைத்தேன். தங்கப்பல் கட்டினேன், கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். [இரண்டையும் எடுத்துவிட்டேன்.] பாவி, அவன் வாய் திறந்தால் இப்படியா பேசுவான்:

“உங்க சோளம் எப்படி இருக்கு ஞானம்மா?”

“நீ கேக்காத.”

“இலை சுருண்டுடுச்சா?”

“சுருட்டு மாதிரி. பத்தவச்சா புகைக்கலாம்.”

இதுதான் நிக்கொலாசாவின் சங்கடம். பயிர் முழங்கால் உயரத்தில் நின்று காய்கிறது. குடத்தில் மொண்டு ஊற்ற ஆறு இல்லை. மறுபடி விதைக்க வீட்டில் விதையும் இல்லை. புனிதர் வெளியே வந்து மழை பெய்தால் அவள் சோளம் பிழைக்கும். கூடவே கம்பெனியின் சக்கரமும் சுற்றும். வராவிட்டால் இரண்டுக்கும் சங்கு. கம்பெனியின் கழுத்தை நெரிக்க அவள் பிடித்த கயிற்றின் மறுநுனி அவள் கழுத்திலேயே கிடந்தது.

“மில்லுக்கு ஒரு கம்பி இறக்கிக் குடு. சாமி வெளிய வருவார்.”

“அது வேற துறை ஞானம்மா. நாங்க மின்சாரம் உண்டாக்கறதோட சரி. குடுக்கறது எங்க வேலை இல்ல.”

“இசிதோரும் வேற துறைதான். அவர் உழவருக்கு.”

செவ்வாய்க்கிழமை காலை ஓர் இலையைக் கிள்ளினாள். உள்ளங்கையில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நேரே போய் ஒல்வினிடம் சாவியைக் கொடுத்துவிட்டாள். (இந்த இடத்தில் அவள் மனப் போராட்டம் ஒரு பக்கத்துக்கு வந்திருக்க வேண்டும். அவள் வாய்விட்டுப் போராடவில்லை, எனக்குக் கேட்கவில்லை.) கம்பியைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள்: “என் வயல்ல நிறுத்தணும். தொப்பி இல்லாம.”

4

கம்பெனியின் இஞ்சினியர் சுரூபத்தைப் பார்த்ததும் கெட்டது காரியம்.

“எவ்வளவு பழைய சுரூபம்! இதையா வெயில்ல வைக்கப்போறீங்க? பெயின்ட் உரிஞ்சிடாதா?” என்றார். உண்மையான அக்கறைதான். புனிதரை விழா மேடையில், பந்தல் நிழலில், அமைச்சரின் நாற்காலிக்கு அடுத்தபடியாக நிறுத்தினார்கள். மாலை போட்டார்கள். தொப்பிக்குத் தூசி தட்டினார்கள். எதிரே ஒரு மின்விசிறியும் வைத்தார்கள்.

“வெயில்ல நிக்கணும்டா அவர்!”

“மரியாதை பண்றாங்க ஞானம்மா.”

“காத்து வாங்கிக்கிட்டு நிக்கறவர் எதுக்கு மழை அனுப்பணும்? நீயா இருந்தா அனுப்புவியா?”

ஒல்வின் புனிதரின் மாலையை நேராக்கினான். இந்த ஊரில் பிறந்தவன், அவனுக்குத் தெரியாததா? தெரிந்ததை இஞ்சினியரிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

வியாழக்கிழமை அமைச்சர் தூய ஆற்றலைப் பற்றி நெடுநேரம் பேசினார். பொத்தானை அமுக்கினார். பந்தல் முழுக்க விளக்குகள் எரிந்தன, கைதட்டல் அடங்கவில்லை. தார்ப்பாய்க்குப் பின்னால் வாடகை ஜெனரேட்டர் தடதடத்தது. அதற்காக மில்லின் டீசலை எல்லாம் முதல் நாளே வாங்கிவிட்டிருந்தார்கள். மில் ஓடவில்லை, மாவு இல்லை, விருந்தில் ரொட்டியும் இல்லை. ரொட்டியில் அள்ளித் தின்ன வேண்டிய பயறை நாட்டின் அமைச்சர் கரண்டியால் தின்றார். எங்கள் ஊர்ப் பெண்கள் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

புனிதர் மட்டும் அங்கி படபடக்க, சொகுசாக நின்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

5

முடிவுக்கு வருகிறேன். மூன்று வைத்திருக்கிறேன்.

பேச்சின் நடுவே அடைமழை, மேடை சரிகிறது, அமைச்சரின் ஒரு செருப்பு ஓடையில் போகிறது. நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அன்றைக்கே டர்பைன் சுற்றும். கம்பெனி புனிதரை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும்.

அல்லது மழையே இல்லை. கம்பெனி மூட்டை கட்டுகிறது. நீதி வென்றது. அந்த நீதியை நிக்கொலாசா வேகவைத்தா தின்பாள்?

அல்லது கம்பெனி மனம் மாறி மில்லுக்குக் கம்பி இறக்கி — [வேண்டாம். கதை என்றாலும் ஓர் அளவு உண்டு.]

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு எதுவும் வேண்டாம். என் காதில் விழுந்தவரைக்கும் சொல்லிவிடுகிறேன்.

விருந்தாளிகளின் வண்டிகள் கிளம்பியதும் நிக்கொலாசா மேடையேறி விசிறியை நிறுத்திவிட்டு ஒல்வினைக் கூப்பிட்டாள்.

“அந்தப் பக்கம் பிடிடா.”

“இஞ்சினியர் பார்த்தா—”

“பார்க்கட்டும். அவருக்கும் பிடிக்க ஒரு பக்கம் இருக்கு.”

இருவருமாகத் தூக்கிக்கொண்டு வயலுக்கு நடந்தார்கள். சுருண்ட பயிருக்கு நடுவே நிறுத்தி, தொப்பியைக் கழற்றினாள். வெயில் புனிதரின் வழுக்கையில் சுள்ளென்று இறங்கியது.

ஒல்வின் மூச்சு வாங்கினான். “இப்பப் பெஞ்சா எங்க சக்கரமும் சுத்தும் ஞானம்மா. நினைச்சுப் பார்த்தீங்களா?”

அவள் புனிதரின் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

“கேட்டீங்கல்ல சாமி? பெய்யறத வயல்ல மட்டும் பெய்யுங்க, ஆத்துல ஒரு சொட்டு விழக் கூடாது — உங்களால முடியுமா?”